குழிக்கு உப்பு

"பத்தாதுடி. இன்னும் நாலு வீட்டுல கேளு," என்றாள் மருத்துவச்சி பேச்சியம்மாள், தகரக் குவளைக்குள் எட்டிப் பார்த்து. "ரெட்டை உசுரு போவுது. ஒத்தை ஆளு உப்பு எப்படிப் பத்தும்?"

சந்திரமதி குவளையோடு அடுத்த வாசலுக்கு நகர்ந்தாள். தோட்டத்துக் கடைக்காரச் சீனத் தவுக்கே கடையைப் பூட்டிவிட்டு லாயாங் லாயாங் டவுனுக்குச் சாமான் எடுக்கப் போய்விட்டான். லயத்தில் பாதி வீடுகளில் உப்புப் பானையை வழித்தாகிவிட்டது. மலைமேல் தங்கச்சி புஷ்பவள்ளியின் புருஷன் செல்லப்பன் குழி வெட்டிக்கொண்டிருந்தான். வேறு யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லையாம்.

வெள்ளையம்மா ஒரு கை கல்லுப்பைக் குவளையில் கொட்டினாள். "நேத்துகூட என் பக்கத்து நிரையில ரப்பர் பால் வெட்டுனாளே! காலு வீங்கியிருக்கேடின்னேன். டிரசர் ஐயா பச்சைப்பயறு திங்கச் சொன்னாரு அக்கான்னு சிரிச்சா."

சிரிப்பாள்தான். புஷ்பவள்ளி எதற்குத்தான் சிரிக்கவில்லை?

அன்று விடிந்ததும் பெரட்டுக் களத்தில், கங்காணி பேர் கூப்பிடும்போது, "இருக்கேன்" என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே சாய்ந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. எட்டு மாத வயிறு மண்ணில் புரண்டது. கோணியில் போட்டுத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அங்கே ஊசி மருந்து பார்க்கும் டிரசர் தம்பிராஜா யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்ட சட்டை கசங்காமல் இருபது வருஷம் வேலை பார்த்தவர். அந்தத் தோட்டத்தில் யார் விழுந்தாலும் மலேரியா; கால் வீங்கினால் பெரிபெரி, அதற்குப் பச்சைப்பயறு. கொய்னா ஊசியை ஏற்றிவிட்டு, "காய்ச்சல் தலைக்கேறிட்டுது. பொறுங்கோ, இறங்கும்," என்றார்.

இறங்கவில்லை. இரண்டாவது வலிப்பு வந்தது. நாக்கு கடிபட்டு ரத்தம் வழிந்தது.

அப்போதுதான் அவர் முகம் மாறியது. கணக்கு எழுதும் கிராணியின் ஆபீசுக்கு ஓடி டெலிபோனில் டாக்டரைக் கேட்டார். டாக்டர் வேறு தோட்டத்துக்குப் போயிருந்தார். சொல்லி வைத்துவிட்டுத் திரும்பியவர், நேராகப் போய் நின்ற இடம் டாக்டர் அறையிலிருந்த கண்ணாடி அலமாரி. உள்ளே தடித்தடியாகப் புத்தகங்கள்.

"என்னங்கையா பாக்குறீங்க?" என்று பின்னாலேயே ஓடினாள் சந்திரமதி.

"பிள்ளைத்தாச்சிக்கு வலிப்பு வந்தால் என்ன செய்யிறதெண்டு அந்தப் பச்சை அட்டைப் புத்தகத்தில கிடக்கு, பிள்ளை. எங்களுக்கு அந்தப் பாடம் சொல்லித் தரேல்லை."

"எடுத்துப் படிங்க ஐயா!"

"திறப்பு டொக்டரிட்டை."

"சாவி இல்லாட்டி என்ன? கண்ணாடிதானே!" வாசலில் கிடந்த கருங்கல்லை அவள் தூக்கிவிட்டாள். டிரசர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உடைச்சால் நாளைக்கு என்ரை வேலை போயிடும். உன்ரையும் போகும், உன்ரை மச்சான்ரையும் போகும். லயத்தை விட்டு எல்லாரும் றோட்டிலதான். டொக்டர் வருவார். பொறு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். அடுத்த அறையில் கட்டில் தடதடவென்று ஆடும் சத்தம் கேட்டது.

கல்லைக் கீழே வைத்தாள்.

சங்கு ஊதி மத்தியானச் சோற்றுக்கு ஆட்கள் கலைந்தபோது கட்டில் ஆட்டம் நின்றது.

அதற்குப் பிறகுதான் வெள்ளைக்கார டாக்டர் துரையின் மோட்டார் வந்தது. துணியை விலக்கிப் பார்த்தார். மறுபடி மூடினார். சாவியை எடுத்து அலமாரியைத் திறந்து, ரயில் நேரம் பார்ப்பவர் மாதிரி பக்கங்களைத் தள்ளினார். ஓரிடத்தில் விரல் நின்றது. இங்கிலீஷில் ஏதோ கேட்டார். டிரசர் தலை குனிந்தார். துரையின் விரல் மருந்துத் தட்டிலிருந்த ஒரு ஜாடியைக் காட்டியது.

அந்த ஜாடியைத் தெரியாதவர் தோட்டத்தில் உண்டா? பெரியவர் சின்னவர் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, வயிறு கழுவக் கரைத்துக் கொடுக்கும் பேதி உப்பு. பிள்ளைகள் கண்டாலே ஓட்டம் பிடிக்கும் சனியன்.

துரை புத்தகத்தை வைத்தார். அலமாரியைப் பூட்டினார். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு மோட்டாரில் ஏறினார்.

"ஜாடியக் காட்டுனாரே, என்ன ஐயா?" என்றாள் சந்திரமதி.

"ஒண்டுமில்லை."

"சொல்லுங்க."

தம்பிராஜா சுவரைப் பார்த்துச் சொன்னார். "அதைக் கரைச்சு, காய்ச்சி, ஊசியில ஏத்தியிருந்தால் வலிப்பு நிண்டிருக்கலாமாம். புத்தகத்தில கிடக்கு."

பொழுது சாய்வதற்குள் பிணத்தை எடுத்துவிட்டார்கள். குழிக்குள் நின்றபடி செல்லப்பன், சந்திரமதி கொடுத்த குவளையை வாங்கி உப்பைப் பரப்பினான். அடிமண்கூட மறையவில்லை.

"இவ்வளவுதானா, அக்கா?"

"லயத்துல இவ்வளவுதான் இருந்துச்சி, தம்பி."

கூட்டம் விலகியது. டிரசர் வந்தார், மார்போடு அணைத்த ஜாடியுடன். மூடியைத் திருகி, குழியின் விளிம்பில் மண்டியிட்டு, அத்தனையையும் கவிழ்த்தார். வெள்ளை வெளேரென்று பொடிப் பொடியாக விழுந்து அழுக்குக் கல்லுப்பை மூடியது. கஞ்சிச் சட்டையெல்லாம் செம்மண்.

"இது என்ன உப்புங்கையா?" என்று நிமிர்ந்து கேட்டான் செல்லப்பன்.

அவர் காலி ஜாடியைத் திருகி மூடினார். செல்லப்பன் சந்திரமதியைப் பார்த்தான்.

"உப்புதான்," என்றாள் அவள். "பரப்பு."

"பாக்கத்தான் ஆளு விறைப்பு. மனசு தங்கம்லா," என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

புஷ்பவள்ளியை இறக்கினார்கள். ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். சந்திரமதியும் போட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. சரிவில் செம்மண் வழுக்க, எல்லாரும் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு இறங்கினார்கள். தம்பிராஜா மட்டும் யார் தோளையும் பிடிக்கவில்லை. அவருக்குக் கை ஒழியவில்லை. தோட்டத்துக் கணக்கு நம்பர் ஒட்டிய காலி ஜாடியை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, அது விழுந்து உடைந்துவிடாமல், அடி மேல் அடி வைத்துப் போய்க்கொண்டிருந்தார்.