துண்டு போட்ட இடம்

பேருந்தில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு போடுவார்களே, எங்கள் தொழிலிலும் அது உண்டு. ஆய்விதழ்களுக்குப் போகும் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலை ஒழுங்குபடுத்துவது எங்கள் வேலை. யார் எழுதியது, எந்த ஆண்டு, எந்த இதழ், எத்தனையாவது பக்கம் என்று ஒவ்வொன்றையும் அந்தந்த இதழ் கேட்கும் வரிசையில் வைக்க வேண்டும். ஒரு மேற்கோளுக்கு விவரம் வந்து சேரவில்லை என்று அதை விட்டுவிடவும் முடியாது. பின்னால் வரும் எண்களெல்லாம் குழம்பிவிடும். அதனால் அந்த இடத்தில் ஒரு பொய்ப் பெயரைத் தட்டி வைப்போம். ஆண்டுக்குச் சைபர்கள், தலைப்புக்கு ‘பிறகு’. உண்மையான விவரம் வந்ததும் எடுத்துவிடுவோம்.

அந்தப் பெயர் அலுவலகத்தில் எல்லாருமாகச் சேர்ந்து கட்டியது. உலகத்தில் யாருக்கும் இருக்க முடியாததாக இருக்கட்டும் என்று, ஒன்றுக்கொன்று சேராத இரண்டு பெயர்களை ஒட்டி வைத்தோம். அதை இங்கே எழுத மாட்டேன். எங்களுக்குள் அவர் ‘துண்டுக்காரர்’. அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர் பக்கத்து மேஜைக்காரர். ஒரு காற்புள்ளிக்காக உயிரையே விடுவார் என்பதால் அவருக்குக் கமா என்று நாங்கள் பட்டம் கொடுத்திருந்தோம்.

தங்கச்சியின் கட்டுரையை நானே எடுத்துச் செய்தேன். தனியாக வாழ்கிறவர்களின் காது பற்றியது அது. வீட்டில் வேறு யாரும் இல்லை என்று தெரிந்தும் அவர்கள் பக்கத்து அறையைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்களாம். அவளும் தனியாக இருப்பவள்தான். கட்டுரை ஏற்கப்பட்டால் ஆய்வுக்கூடத்தில் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதற்காக அவள் தூக்கத்தைத் தொலைத்து ஐந்தாறு வருஷம் உழைத்திருந்தாள்.

ஒரே ஒரு மேற்கோளுக்கு மட்டும் மூலம் கிடைக்கவில்லை. முதல் பக்கம் இல்லாத நகல்தான் அவளிடம் இருந்தது. துண்டைப் போட்டுவிட்டு, “இருபத்திமூணாவதுக்கு விவரம் தேடிக் குடு, அதுக்கப்புறம்தான் அனுப்பணும்” என்று படித்துப் படித்துச் சொன்னேன். மகராசி, கடைசி நாள் பதற்றத்தில் கட்டுரையை அப்படியே இதழுக்கு அனுப்பிவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டேன்.

மதிப்பீட்டாளர்களின் கருத்து வந்ததும் அவளே அழைத்தாள். முதலாமவர் நன்றாக இருக்கிறது என்று நாலு வரியில் முடித்துவிட்டார். இரண்டாமவர் எழுதியதை வாசித்துக் காட்டினாள். இருபத்திமூன்றாவது மேற்கோள்தான் இந்த ஆய்வுக்கே அடிப்படை. அந்த ஆசிரியரின் மற்ற கட்டுரைகளையும் சேர்க்காவிட்டால் ஏற்க முடியாது.

“அடியே, அது நாங்க தட்டி வச்ச பொய்ப் பேரு.”

“இல்லக்கா. தேடிப் பாத்துட்டேன். மூணு பேப்பர் இருக்கு.”

இருந்தன. தொகுதி எண், பக்க எண், எல்லாம் சுத்தம். எங்களிடம் வருகிற கட்டுரைகளில் அத்தனை சுத்தத்தை நான் பார்த்ததே இல்லை. கமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கமா சிரித்தார். “யாரோ ரிவ்யூவர் தன் சரக்கை விக்கிறார் மேடம். நாம பாக்காததா? அந்தப் பேர்ல ஒரு ஆள் இருக்கக் கூடாதுன்னு சட்டமா என்ன?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மனதைத் தேற்றிக்கொண்டு முதல் கட்டுரையைப் படித்தேன். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பெண்ணை. தங்கச்சியைப் போலவே மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறாள். குளிக்கும்போது நடுநடுவே குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறாள். வலது காது கதவுப் பக்கம் இருக்கும்படிதான் படுக்கிறாள். அக்காவோடு பேசி முடித்துப் போனை வைத்த பிறகும், வீட்டில் ஆள் இருப்பதாகக் காட்ட, “சரி, சரி” என்று கொஞ்ச நேரம் சும்மாவே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கடைசிச் சங்கதி உண்மையா என்று தங்கச்சியைக் கேட்டேன். “உனக்கு யாரு சொன்னா?” என்றாள்.

“முதல்ல அந்த ஆளைத் தூக்கு. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்.”

“தூக்கினா ரிஜெக்ட் பண்ணிடுவாங்கக்கா. இத்தனை வருஷம் பட்டதெல்லாம் எதுக்கு? வெறும் பேருதானே, ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்.”

ஒரு பெயரைக் கண்டு பயப்படுகிறேன் என்று யாரிடம் சொல்வது? மூன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். போன வேகத்தில் திரும்பி வந்தது, இன்னும் வேண்டும் என்று. மறுபடி சேர்த்தோம். பட்டியலில் பாதி அவராகிவிட்டார்.

ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல், அவளிடம் கேட்காமலேயே அவரை ஒவ்வொன்றாக அழித்தேன். எண்களைச் சரிசெய்து, சேமித்துவிட்டு, டீ வாங்கி வந்து உட்கார்ந்தேன். அழித்தவை எல்லாம் பழையபடி இருந்தன. பழையபடி என்றும் சொல்ல முடியாது. தங்கச்சி தன்னுடைய பழைய கட்டுரைகள் இரண்டையும் பட்டியலில் காட்டியிருந்தாள். இப்போது அவற்றின் ஆசிரியரும் அவர்தான்.

“யாரு என் மெஷின்ல கை வச்சது?” என்று கத்தினேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. யாரும் பக்கத்தில்கூட வரவில்லை என்றார்கள்.

கணினியில் இருப்பதை மாற்றலாம், அச்சானதை மாற்ற முடியாதே. அந்தக் கட்டுரைகளில் ஒன்று வெளிவந்த இதழ் எங்கள் அலமாரியிலேயே இருந்தது. அதற்கும் நான்தான் வேலை செய்திருந்தேன். எடுத்துப் பிரித்தேன். ஓரம் பழுப்பேறிய தாளில், தலைப்புக்குக் கீழே அவர் பெயர். என் தங்கச்சி எங்கேயும் இல்லை.

“இது யாரு எழுதினது கமா?”

எட்டிப் பார்த்தார். “அவர்தான். இதுல என்ன மேடம் சந்தேகம்? எவ்வளவு பெரிய ஆளு!”

கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

கட்டுரை ஏற்கப்பட்டது. தங்கச்சி சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் பேசினாள். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. வேலை உத்தரவை வாங்க மறுநாள் காலை ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். போன கொஞ்ச நேரத்தில் அழைத்தாள்.

“அக்கா, என்னை உள்ள விட மாட்டேங்கறாங்க. என் கார்டு வேலை செய்யல. கண்ணாடி வழியா பாக்கறேன், என் சீட்டுல ஒருத்தர் இருக்கார். எல்லாரும் வந்து கை குடுத்துட்டுப் போறாங்க.”

“ஆளு எப்படி இருக்கார்?”

“முதுகுதான் தெரியுது. தலையைச் சாய்ச்சு வச்சிருக்கார்.” குரலைத் தணித்தாள். “நாம பேசறதைக் கேக்கற மாதிரி இருக்குக்கா.”

“அங்கயே நில்லு. போனை வைக்காதே. இதோ வர்றேன்.”

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். என்ன அவசரம் என்று கமா கேட்டார். தங்கச்சிக்கு ஒரு பிரச்சினை என்றேன்.

“உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா? சொல்லவே இல்லையே மேடம்.”

பரீட்சை சமயத்தில் அவர் பெண்ணுக்கு உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். பதில் சொல்ல நேரமில்லை. படியிறங்கித் தெருவில் ஓடினேன். காதில் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“அக்கா, நான் யாருன்னு கேக்கறாங்க. சொன்னா சிரிக்கறாங்க. வாட்ச்மேன்கிட்ட போனைக் குடுக்கறேன். என் பேரை நீயே சொல்லிடு.”

போன் கை மாறியது. “சொல்லுங்கம்மா” என்றது ஓர் ஆண் குரல், பொறுமையாக. “இவங்க யாரு?”

அவள் பிறந்த அன்றைக்கு அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்ததே நான்தான். ஆயிரம் தடவை அதைச் சொல்லி அவளை எழுப்பியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன், கொஞ்சியிருக்கிறேன். நடுத்தெருவில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

துண்டுக்காரர் பெயர்தான் வந்தது.