வேம்பில் பதிந்த கை

அன்று காலை சங்கிலிமுத்து, முற்றத்து வேம்பில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்தபோது மனைவி சண்முகத்தாய் வழக்கம்போலச் சடைத்துக்கொண்டாள்.

"எனக்கு எட்டாத உயரத்துல ஆணிய அடிச்சு வச்சிருக்கீகளே, பைய நான் எப்படி மாட்ட?"

"சாயங்காலம் வந்து இறக்கி அடிக்கேன். அதுக்குள்ள கொஞ்சம் வளந்துக்க."

சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேன் அவனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தது. மருந்து கலக்கும் அறை வெடித்திருந்தது. பின்பக்கமாக வந்த வேன் வேம்பில் இடித்து, ஒரு பக்கப் பட்டையை முழ நீளத்துக்கு உரித்துவிட்டது.

"மனுசனே போயிட்டான், நீ மரத்தப் பாக்கியேத்தா" என்றார் போர்மேன் மொக்கைச்சாமி.

அவள் பார்த்தது பட்டையை. வேலை விட்டு வந்ததும் வெள்ளிப் பவுடர் அப்பிய கையை அவன் அங்கேதான் துடைப்பான். ஐந்து விரலும் மினுமினுவென்று பதிந்திருந்தன. துணிக்குள் இருந்தவனின் கையை அவளுக்கு யாரும் காட்டவில்லை.

காரியம் முடிந்ததும் தொங்கிய பட்டையை மரத்தோடு அழுத்தி, வெடிக்குழாய் சுற்றி ஒட்ட வீட்டில் வைத்திருந்த மைதாப் பசையைத் தடவினாள். பழுப்புத் தாளைச் சுற்றி நூலால் இறுக்கினாள். பழகிய கை. காற்றுப் புக இடம் விடவில்லை.

பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் எட்டிப் பார்த்தாள். "ஏ சம்முவம், மரத்துக்கும் வெடி சுத்துதியா?"

ஐப்பசி மழை பிடித்தது. தாளுக்குள்ளிருந்து நாற்றம் வந்தது. அந்தப் பக்கத்து இலைகள் பழுத்து உதிர்ந்தன. செல்லத்தாய்தான் நூலை அறுத்துப் பார்த்தாள். உள்ளே கறுப்பாக அழுகியிருந்தது.

"புண்ண இப்படி மூடிக் கட்டுனா அழுகாம என்ன செய்யும்? செத்த பட்டைய எடுத்துரு, காத்துப் படட்டும். இல்லாட்டி மரமே போயிரும்."

"அவுக கை அதுலதானக்கா இருக்கு."

செல்லத்தாய் தன் வீட்டுக்குப் போனாள். கத்தியை எடுத்து வந்து கொடுத்தாள்.

பச்சை தெரியும்வரை சண்முகத்தாயே செதுக்கினாள். விரல் பதிந்த பட்டை ஈர மண்ணாக உதிர்ந்தது. அவள் கையில் கொஞ்சம் வெள்ளி ஒட்டியது. துடைக்க இடமில்லை.

அடுத்த சீசனுக்குக் கம்பெனியைத் திறந்தார்கள். "ஆர்டர் குவிஞ்சு கெடக்கு, வாறியாத்தா?" என்று மொக்கைச்சாமி வந்து கேட்டார். வேறு வேலை எங்கே இருக்கிறது? போனாள்.

பங்குனியில் புண்ணின் ஓரம் உதடு மாதிரித் திரண்டு மூடத் தொடங்கியது. மேலே கொழுந்து விட்டிருந்தது. வேலை முடிந்து வந்தால் சாப்பாட்டுப் பையை வாசற்படியில்தான் வைக்கிறாள். ஆணி இன்னும் அவளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.