கோஜி அறைக்கு வெளியே

1

இந்தக் கதை ஒரு தயக்கத்திலிருந்து வந்தது. எங்கள் ஊரில் அரிசி மதுவான சாக்கே தயாரிக்கும் பட்டறையில் ஒருநாள் வேலை பழக வந்தவர்களோடு நானும் நின்றேன். வாசலிலேயே ஒவ்வொருவரையும் கேட்டார்கள்: "காலையில நாட்டோ சாப்பிட்டீங்களா?"

(புளித்த சோயாவான நாட்டோவின் கிருமி கோஜி அறைக்குள் நுழைந்தால், வெந்த அரிசியில் கோஜி என்ற நல்ல பூஞ்சணம் ஏறாது; பிசுபிசுத்துக் கெட்டுவிடும். குளிர்காலம் முழுக்கப் பட்டறைக்காரர்கள் அதைத் தொடமாட்டார்கள்.)

எனக்கு முன்னால் நின்ற பெண் "இல்லை" என்றாள். சொல்வதற்குள் ஒரு மூச்சு தாமதம். எனக்குக் கிடைத்தது அந்த மூச்சு மட்டும்தான்.

2

பனி விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு...

வேண்டாம். எங்கள் ஊர்க் கதை எல்லாவற்றிலும் பனிதான் பெய்கிறது.

அந்த மூச்சை நான் கொடுத்த சிசுருவுக்கு நாற்பத்திரண்டு வயது. கோஜி அறை அவள் பொறுப்பு. அவள் அப்பா தோகுஜி அதே அறையில் நாற்பது குளிர்காலம் உழைத்தவர். இப்போது ஆஸ்பத்திரியில் கஞ்சியைக்கூடத் தள்ளிவிடுகிறார். நேற்று அவள் போனபோது, கட்டிலில் சாய்ந்தபடி நாட்டோவைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு வாய் வாங்கிக்க."

"நாளைக்குக் கோஜி அறையில அரிசி ஏத்துறோம்ப்பா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்குறீங்க? வேலையை விட்டதுலேருந்து மூணு வேளையும் இதைத்தானே தின்னீங்க, இன்னுமா ஆசை அடங்கல?"

"தனியாத் தின்னேன்."

"கோடையில சேர்ந்து சாப்பிடலாம்."

"கோடை வரைக்கும் நான் இருப்பேனாடி?"

3

முதல் வரைவில் சிசுரு மறுத்துவிட்டாள். கிழித்துப்போட்டேன், அவள் அவ்வளவு சுலபமாக மறுத்திருக்க மாட்டாள். பிறகு தோகுஜியையே சந்தேகித்தேன். அந்த அறையைக் காத்த மனிதர், மகளிடம் இதையா கேட்பார்?

காகிதத்திலிருந்து அவர் என்னிடமே பேசினார்: "அந்த அறைக்கு நாப்பது வருஷம் குடுத்தேன். எனக்கு ஒரு வாய் குடுக்கக் கூடாதா?"

இந்த முறை நான் கிழிக்கவில்லை. சிசுரு வாயைத் திறந்து அந்த ஒரு வாயை வாங்கிக்கொண்டாள். அதன்பின் அவரும் மூன்று வாய் சாப்பிட்டார்.

4

காலை. மூன்று முறை தேய்த்துக் குளித்துவிட்டு வந்திருக்கிறாள். அரிசி வெந்து ஆவி பறக்கிறது. கோஜி அறைக்கு மொத்தமே மூன்று பேர்; ஒருவர் ஒதுங்கினாலும் வேலை திண்டாடும்.

"என்ன சிசுரு அக்கா, கதவுக்குக் காவலா? அரிசி ஆறுச்சுன்னா உங்களைத்தான் வேகவைப்பேன்!" என்கிறான் கூட வேலை செய்யும் மோரியோ, கூடை சுமந்தபடி.

முடிவு ஒன்று: அவள் உள்ளே போகிறாள். ஒன்றும் ஆவதில்லை. அல்லது அந்த அறையே, இந்தக் குளிர்காலமே போய்விடுகிறது...

முடிவு இரண்டு: சொல்லிவிடுகிறாள். தோஜி இவாமா, பட்டறைக்கே தலைவர், கத்து...

இல்லை, அவர் கத்தமாட்டார். தோகுஜியிடம் தொழில் கற்றவர். அவள் சொல்வதற்கு முன்பே அவர் பாட்டுக்கு வந்து பக்கத்தில் நின்றார்.

"அப்பா எப்படிம்மா இருக்காரு?"

"நேத்து கொஞ்சம் சாப்பிட்டாருங்க."

"அப்படியா! கஞ்சியே இறங்கலன்னியே. என்ன சாப்பிட்டாரு?"

கேட்டவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கதவுப் பிடியிலிருந்த அவள் கையைப் பார்த்தார்.

5

இதற்குமேல் அவர்கள் குரல் எனக்குக் கேட்கவில்லை. இரண்டு வாரமாகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் சாப்பிட்டது அவருக்குத் தெரியுமா, சும்மாதான் கேட்டாரா என்பதுகூடத் தெரியாது.

அரிசி ஆறிக்கொண்டிருக்கிறது. சிசுருவுக்காக நீங்கள் பதில் சொல்லுங்கள்.