ஏழாவது கோயில் வரைக்கும்

தையல்காரிக்கு அன்றும் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஹோட்டலுக்குத் தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையில் உள்துணியை மாற்றிப் போட்டு ஓரம் அடித்துவிட்டாள். பிரித்துத் தைத்தாள், மறுபடியும் அதே தப்பு. கடைக்கார அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "கை இங்க இருக்கு, நீ எங்க இருக்க?" என்று கேட்டாள். எங்கே இருப்பாள்? ஏழு கோயில்களில் ஏதோ ஒன்றின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவள் புருஷனுக்கு மார்பைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். மனுஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலும் கீழும் ஏற்றி இறக்கியவர், அன்றைக்கு அசையாமல் படுத்திருந்தார். ஆபரேஷன் அறை வாசலில் நின்று அவள் வேண்டிக்கொண்டாள்: ஆளைத் திருப்பிக் கொடு, ஜோடியாக ஏழு கோயிலுக்கு வருகிறோம். ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். பயத்தில் வாய் ஏழு என்று சொல்லிவிட்டது. சாமி தன் பங்கை ஒழுங்காகச் செய்துவிட்டது, இவள் பங்குதான் இன்னும் அப்படியே நிற்கிறது. அவர் லேசாக இருமினால் போதும், 'எங்கேடி என் ஏழு?' என்று யாரோ கேட்பதுபோல இவளுக்கு இருக்கும்.

கிளம்பாமல் இல்லை. மூன்று தடவை வண்டி பேசினாள். முதல் தடவை சின்ன மாமியார் போய்ச் சேர்ந்தார். பங்காளி வீட்டுச் சாவு, தீட்டு, கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. இரண்டாம் தடவை, யாரும் கண்ணால் பார்த்திராத பங்காளி ஒருவர் கடல் தாண்டிய ஊரில் கண்ணை மூடினார். மூன்றாம் தடவை சாவே இல்லை, பிறப்பு! ஒன்றுவிட்ட மச்சினர் மகனுக்கு இரட்டைக் குழந்தை. அதுவும் தீட்டுத்தானாம். இவர்கள் வம்சத்தில் ஒருத்தரும் சும்மா இருக்க மாட்டார்களா என்று அன்றைக்குத் துணிமணிப் பெட்டியைக் காலால் உதைத்தாள்.

இப்போது நான்காம் தடவை. வியாழக்கிழமை கிளம்ப வேண்டும். திங்கட்கிழமை செய்தி வந்தது, பெரிய மாமா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம்.

பெரிய மாமா என்றால் புருஷனின் பெரியப்பா. வீட்டைப் பிரித்து நடுவில் சுவர் எழுப்பிய நாளிலிருந்து இரண்டு பக்கமும் பேச்சு வார்த்தை கிடையாது. பேச்சு அறுந்தால் என்ன, தீட்டு அறுமா?

"போனை அணைச்சு வச்சுட்டுக் கிளம்பு" என்றார் புருஷன், செருப்பைத் தேடிக்கொண்டே. "காதுல விழுந்தாத்தானே தீட்டு? அந்தாளுக்கு நம்மள எதுல கெடுக்கலாம்னுதான் எப்பவும் யோசனை. இப்ப இதுல வந்து நிக்கிறாரு."

இவளுக்கு மனசு கேட்கவில்லை. பாசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கிழவர் தாங்குவாரா மாட்டாரா என்று நேரில் பார்த்தாக வேண்டும், அவ்வளவுதான். கடையில் தலைவலி என்று பொய் சொல்லி, தூக்கில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு, காதும் காதும் வைத்தாற்போல ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனுஷர், துரும்பாகக் கிடந்தார். வாய் மட்டும் இளைக்கவில்லை.

"வாம்மா. தாங்குவேனான்னு பாக்க வந்தியா?"

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. "கஞ்சி கொண்டு வந்தேன், மாமா."

"கோயிலுக்குக் கிளம்புறீங்கன்னு கேள்விப்பட்டேன். என்னைக்கு?"

"வியாழக்கிழமை."

"திரும்பி வர?"

"அடுத்த வியாழன்."

அவர் கண்ணை மூடி ஏதோ கணக்குப் போட்டார். "சரி. இழுத்துப் பிடிச்சுக்கிறேன், போ. கஞ்சியில உப்பு பத்தலை."

செவ்வாய்க்கிழமை உப்பு சேர்த்துக் கொண்டுபோனாள். தலையணை நாற்றமடிக்கிறது என்று முனகினார், புது உறை தைத்து எடுத்துப் போனாள். ஜன்னல் வெயில் முகத்தில் அடித்தது. கடையில் மிஞ்சிய துணியில் ஒரு திரை தைத்து, நர்ஸம்மா முறைக்க முறைக்க ஸ்டூலில் ஏறிக் கட்டிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் மூச்சைத்தான் முதலில் பார்த்தாள். நெஞ்சு ஏறி இறங்கினால் இவளுக்கு ஏழு கோயிலும் ஒரு அடி கிட்டே வந்தது. சீ, இது என்ன புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் காலித் தூக்கோடு திரும்பும்போது நர்ஸம்மா அவளை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"உங்க மாமனார் என்ன சொல்லியிருக்காரு தெரியுமா? என்ன ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் வீட்டுக்குச் சொல்லக் கூடாதாம். அதுவரைக்கும் ஐஸ் பெட்டியில போட்டு வைங்கன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்குறாரு."

தையல்காரி தூக்கைக் கீழே வைத்தாள். இவள் ஏழாவது கோயிலில் விபூதி பூசிக்கொண்டு நிற்க, இங்கே அந்த மனுஷர் யாருமில்லாமல், அழ ஒரு ஆள் இல்லாமல் பெட்டிக்குள் கிடப்பார். காதில் விழாது. தீட்டும் இல்லை. சாமிக்கு எல்லாம் சரியாகிவிடும். இவளுக்கு?

"எந்த நேரமானாலும் எனக்குக் கூப்பிடுங்க" என்று நம்பரைக் கொடுத்தாள். "கோயில் உள்ள நின்னாலும் எடுப்பேன்."

"உங்க வேண்டுதல் கெட்டுப் போயிடும்னுதான்..."

"கெட்டா கெட்டுட்டுப் போகட்டும்!" என்று கத்திவிட்டாள். பக்கத்துக் கட்டில் நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் புருஷனிடம் மறைக்காமல் கொட்டினாள். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் காலித் தூக்கைப் பார்த்துக்கொண்டே, "தினம் இது காணாமப் போறப்பவே தெரியும்" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதுபோல இரண்டு தடவை சட்டையை மாட்டினார், இரண்டு தடவையும் கழற்றிப் போட்டார்.

விடிந்ததும் வண்டி வந்தது. பெட்டி ஏறியது. புருஷன் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார், இவள் பின்னால். போனை உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள். முனை திரும்பி, பெரிய சாலையைப் பிடித்திருப்பார்கள். போன் அடித்தது. ஆஸ்பத்திரி.

"எடுக்காத" என்றார் புருஷன், திரும்பாமலே. அவருக்கும் பயம்தான்.

எடுத்தாள். முதலில் ஒரு இருமல். அதற்குப் பிறகுதான் குரல்.

"கிளம்பியாச்சா? நர்ஸம்மாதான் போட்டுக் கொடுத்தாங்க. நேத்துக் கஞ்சியில மறுபடியும் உப்பு இல்லை."

தையல்காரி முந்தானையை வாயில் வைத்து அழுதாள். இத்தனை நாளும் எதற்குப் பயந்தாளோ அது வேறு, இப்போது பயந்தது வேறு. போன் அடித்ததிலிருந்து அந்த ஒரு இருமல் வரும்வரை அவளுக்குக் கோயில் ஞாபகமே இல்லை.

"மாமா, உங்க நட்சத்திரம் என்ன?"

"எதுக்கு?"

"உங்க பேருக்கும் அர்ச்சனை பண்ணணும்."

எவ்வளவு காலமாயிற்றோ அந்த மனுஷரை யாரும் இதைக் கேட்டு.

"உத்திராடம்" என்றது முன் சீட்டு. சுவர் எழுப்புவதற்கு முன்னால், கூட்டுக் குடும்பமாக இருந்த காலத்தில், குருக்களிடம் வீட்டு ஆட்கள் எல்லாருடைய பேரையும் நட்சத்திரத்தையும் ஒப்பிக்கிற வேலை சின்ன வயதில் அவருடையதுதான்.

"யாரது பேசுறது?" என்றார் கிழவர்.

"உங்க தம்பி மகன்தான், மாமா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"ஏழு கோயில்லயுமா?"

"ஏழுலயும்."

"அப்ப ஏழாவது கோயில் வரைக்கும் நான் இருந்தாகணும். பெரிய தொல்லையா வச்சுட்டியே." மறுபடியும் இருமினார். "முதல் கோயில் முடிஞ்சதும் போன் பண்ணு. நீ வேணாம். அவனைப் பண்ணச் சொல்லு."

தையல்காரி போனை முன் சீட்டுக்கு நீட்டினாள். லிஃப்ட் மெக்கானிக் அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஆனாலும் வைக்கவில்லை.