சாம்பலில் விழுந்த கை

தருமனுக்கு அந்த வழக்கம் என்றாலே கேலி. பழவேற்காட்டுக் குப்பத்தில் யார் செத்தாலும், கருமாதிக்கு முந்தின நாள் பொழுது சாயக் குடிசைத் தரையில் சாம்பலைச் சலித்துப் பரப்புவார்கள். வாசலை மூடும் ஓலைப் படலைக் கட்டிவிட்டு எல்லோரும் வெளியே படுப்பார்கள். விடிந்ததும் திறந்தால் ஏதாவது ஒரு தடம் இருக்கும். செத்தவர் வந்து போனார் என்று ஒப்பாரி கிளம்பும். நண்டு போன தடத்துக்கெல்லாம் அப்பன் பேர் வைத்து அழுகிற கூட்டம் என்பான் தருமன்.

ஒருநாள் வலை உலர்த்தும்போது மனைவி தனக்கோடியிடம் இடது கையை விரித்துக் காட்டினான். கடைசி இரண்டு விரலும் சுறாவோடு போய்விட்ட கை.

"செத்த பொறவும் எனக்கு நெனப்புன்னு ஒண்ணு மிஞ்சியிருந்தா, இந்தக் கைய வெச்சிட்டுப் போறேன். அப்ப நம்பு. சொம்மா நண்டுக்கு அழுவாத."

அவள் சிரித்தாள். வாய் சும்மா இருக்குமா, குப்பம் முழுக்கச் சொல்லியும் வைத்தாள்.

அந்த ஆவணியில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. கட்டுமரம் மட்டும் முகத்துவாரத்தில் ஒதுங்கியது. உடம்பு கரைக்கு வரவேயில்லை. அன்றைக்கு ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரே தூரத்தில் ஒரு கப்பல் நின்றிருந்தது. மறுநாள் அதையும் காணோம். பஞ்ச காலம். அகப்பட்ட ஆளைப் பிடித்துக் கப்பலேற்றி விற்கும் தரகர்கள் கரையெல்லாம் திரிந்தார்கள்.

மூன்று மாதம் பார்த்துவிட்டு, ஊர்ப் பெரியவர் தேசப்பன் சொன்னார்: "சாம்பல் போடும்மா. கை விழுந்தா தாலிய எறக்கிடலாம். விழலேன்னா காத்துனு இரு."

சாம்பலைச் சலிக்கும்போது என்ன வேண்டிக்கொள்வது என்றே தனக்கோடிக்குத் தெரியவில்லை. கை விழுந்தால் அவன் இருக்கிறான், ஆனால் செத்துவிட்டான். விழாவிட்டால் எங்கோ உயிரோடு இருக்கலாம். அல்லது செத்து, ஒன்றுமே மிஞ்சாமல் போயிருக்கலாம். இதை எந்தச் சாமியிடம் போய்க் கேட்பாள் பாவி? படலைக் கட்டிவிட்டுக் கூட்டத்தோடு போய்ப் படுத்தாள். மாமியார் மணியம்மாள் மட்டும் வாசலை விட்டு நகரவில்லை. பெற்றவள், யார் என்ன சொல்ல முடியும்?

விடிந்தது. தேசப்பன் படலை அவிழ்த்தார். வாசலை ஒட்டிச் சாம்பலில் ஒரு கை. மூன்றே விரல்.

"தருமா!" என்று கூட்டம் அலறியது. தனக்கோடி வாசலுக்கு ஓடினாள். வந்துவிட்டான், சொன்னபடி வந்துவிட்டான். தொட்டுப் பார்க்கக் குனிந்தாள். விரல்கள் அவளுக்கு எதிர்ப்பக்கம் நீட்டியிருந்தன. தன் இடது கையை அதன் மேலே பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரல் சேரவில்லை. வலது கையைப் பிடித்தாள். சேர்ந்தது.

நிமிர்ந்தாள். மணியம்மாள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். வலது கையின் நகக்கண்ணில் சாம்பல்.

"அத்த, இது எடது கை இல்ல."

"தெரியும்டி." கிழவி அவள் காதோடு சொன்னாள். "அவன் கப்பல்ல கீறான்னா, இன்னிக்கு எவன் அடிச்சானோ, சோறு போட்டானோ இல்லியோன்னு நான் சாவற வரிக்கும் நெனச்சினே இருக்கணும். என்னால முடியல. அவன் செத்துட்டான்னே இருக்கட்டும்டி."

அது அவன் கை இல்லை என்று தனக்கோடி கத்தினாள். ஒப்பாரியில் அது யார் காதிலும் விழவில்லை. கேட்ட ஒன்றிரண்டு பேரும் துக்கத்தில் கத்துகிறாள் என்றே நினைத்தார்கள். உள்ளே புகுந்த கூட்டம் சாம்பலை மிதித்துக் கலைத்துவிட்டது. பெண்கள் அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். தாலியை அவிழ்க்க முதலில் நீண்டது மணியம்மாளின் கைதான்.