மலைமேல் ஒரு பந்தயம்

கிட்டுசாமிக்கு இரண்டு கண்ணிலும் புரை. அவரைத் தவிர எல்லாரும் அதை ஒப்புக்கொண்டாயிற்று. அமெரிக்காவில், பிஸ்கட்டவே ஊரில் மகள் வீட்டுக்கு வந்த நாள்முதல், "ஆபரேஷன் பண்ணிடலாம்ப்பா" என்று வசந்தாமணி நச்சரிக்க, "இருக்கற பார்வையையும் நோண்டிப் போடுவானுக" என்று அவர் தட்டிக்கழித்தார்.

கடைசியில் பந்தயம் கட்டினார்கள். வடதுருவத்து வானத்தில் ஆடும் வண்ண வெளிச்சம் அன்று ராத்திரி அவர்கள் இருந்த நியூஜெர்சி வரை தெரியலாமாம். எந்தப் பக்கம், என்ன நிறம் என்று அவர் சொல்லிவிட்டால் டாக்டர் பேச்சே கிடையாது. தோற்றால் திங்கட்கிழமை ஆபரேஷன்.

அதைப் பார்க்கப் போன மலையின் உச்சிவரை தார் ரோடு. காரைவிட்டு இறங்கியதும் நவம்பர்க் குளிர் காதைக் கடித்தது. பத்துப் பதினைந்து பேர் அண்ணாந்து நின்றிருந்தார்கள். திடீரென்று ஒரே கூச்சல். கிட்டுசாமிக்கு இருட்டுதான் தெரிந்தது. ஆனால் காது நல்ல காது.

"ஸோ ரெட், அம்மா!" என்று பேத்தி ஓவியா குதித்தாள்.

அது போதும் அவருக்கு. கண்ணால் துழாவினார், தூரத்தில் ஒரு சிவப்பு அகப்பட்டது. ஷூவைக் கழற்றிவிட்டு, உறைந்த தரையில் நின்று கும்பிட்டார். "தெரியுது பாரு, செக்கச்செவேல்னு!"

"ஏனுங்க, அது டவர் லைட்டுங்க" என்றாள் மனைவி ராமாத்தாள். "மொதல்ல ஷூவை மாட்டுங்க."

"எல்லாருஞ் சேந்து ஏமாத்தறீங்க. மேல ஒண்ணுமே கெடையாது."

அவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதுதான் அவரை உறுத்தியது. பொய் சொல்கிறவர்கள் இவ்வளவு நேரம் கழுத்து வலிக்க நிற்கமாட்டார்கள்.

"ஏம்புள்ள, எப்படி இருக்குது?" என்றார் மனைவியிடம் மெதுவாக.

"சொன்னா நம்பிப் போடுவீங்களாக்கும்!"

"சொல்லு புள்ள."

"செவப்புச் சேலையைக் காயப்போட்டாப்ல. ஓரத்துல பச்சை. ஆடுதுங்க. சேலைக்குப் பொறத்தால நட்சத்திரம் தெரியுது."

"துணிக்குப் பொறத்தால எப்படித் தெரியும்?"

"அதுதானுங்க எனக்கும் வெளங்கல."

கண்ணைக் கசக்கிக்கொண்டார். "இப்ப?"

"வெளுத்துட்டு வருது."

"இப்ப?"

"போயிருச்சுங்க."

"மறுக்கா எப்ப வரும்?"

"தெரியாதுப்பா. அடுத்த மாசமும் வரலாம், பத்து வருஷமும் ஆகலாம்" என்றாள் வசந்தாமணி.

கார் இறங்கத் தொடங்கியது. தோற்றதை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை. இரண்டு வளைவு தாண்டியதும் அவரே வாயைத் திறந்தார்.

"திங்கக்கிழமை எந்தக் கண்ணு மொதல்ல?"

"டாக்டர் சொல்லுவாருப்பா."

"என்னமோ செய்யட்டும். ஆனா நீ பக்கத்துலயே நின்னுக்க, புள்ள. அவனை நான் நம்பமாட்டேன்."