பிணம் பேசியதற்கு மதிப்பெண் உண்டா?

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: பெரம்பலூரில் நடந்த பள்ளி நாடகப் போட்டியின் மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். அன்று போட்ட மதிப்பெண் இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இந்தக் கதை.

‘மக்காச்சோளக் காட்டின் மேல் மாலை வெயில் சாய்ந்தபோது’ என்று தொடங்கி

[அடித்துவிட்டேன். போட்டி நடந்த அரங்கில் ஜன்னலே கிடையாது.]

2

பிரவீணா குன்னம் பக்கத்துப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. ஷேக்ஸ்பியர் நாடகத்திலிருந்து ஐந்து நிமிடக் காட்சி போட வேண்டும். தலைவனை நண்பர்களே குத்திக் கொல்கிறார்கள். பிறகு ஒருவன் பிணத்தருகே நின்று ஊராரிடம் பேசுகிறான். அந்த ஆங்கிலப் பேச்சு முழுவதும் பிரவீணாவுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் பிரசாத் சார் அவளுக்குக் கொடுத்தது பிண வேஷம்.

“எனக்கு எல்லா வரியும் தெரியுங்க சார்.”

“தெரியும்மா. ஆனா அறிவரசிதான் ஒசரம். கடைசி வரிசைக்குத் தெரியணும்ல? நீ படுத்துக்க. மூச்சு விடுறது மட்டும் தெரியக் கூடாது.”

(பிரசாத் சாரை வில்லனாக்கிப் பார்த்தேன். சரிப்படவில்லை. பிணத்துக்குப் போர்த்தத் தன் கல்யாண வேட்டியைக் கொண்டுவந்த மனுஷன்.)

3

மேடையில் அறிவரசி இரண்டு வரி சொன்னாள். மூன்றாவது வரவில்லை. வேட்டிக்குள் பிரவீணாவுக்கு வியர்த்துக் கொட்டியது. பத்து வரை எண்ணிவிட்டு, கண்ணைத் திறக்காமல் அடுத்த வரியை முணுமுணுத்தாள்.

“என்னடி சொல்ற?” அறிவரசி பிணத்திடமே குனிந்து கேட்டாள். மைக்கில் அரங்கம் முழுக்கக் கேட்டது.

பிணம் கொஞ்சம் உரக்கச் சொன்னது.

“கேக்கலடி!” என்று அறிவரசி அழுதேவிட்டாள். கொலைகாரர்களில் ஒருவனான தமிழழகன், ஆள் சரியாகச் சாகவில்லை என்று நினைத்தானோ என்னவோ, அட்டைக்கத்தியால் இன்னொரு குத்துக் குத்தினான்.

“ஏன்டா, எத்தன தடவடா சாவறது?”

பிணம் எழுந்து நின்றது. வேட்டியை உதறித் தோளில் போட்டது. தன் சாவுக்கான இரங்கலுரையைத் தானே, ஒரு சொல் தட்டாமல், பேசி முடித்தது. கைதட்டல் அடங்க நேரமானது.

4

“செத்தவனே தனக்கு இரங்கல் சொல்லலாமா?” என்றார் சக நடுவர் சாந்தா மேடம். இன்னொரு நடுவர் கோகுலகிருஷ்ணன் சார் விதிகளைப் புரட்டினார். பிணம் பேசக் கூடாது என்றும் இல்லை, பேசலாம் என்றும் இல்லை. சாப்பாட்டு வேளை வேறு. அப்போது நான்

[இந்த வாக்கியத்தை நான்கு முறை பாதியில் விட்டேன்.]

சொல்லிவிடுகிறேன். “அந்த அழுத பொண்ணு தத்ரூபமா அழுதுச்சுங்க” என்றவன் நான்தான். சிறந்த நடிப்புக்கான கோப்பை அறிவரசிக்குப் போனது. பிரவீணாவுக்குப் பூஜ்யம். காரணம்: ‘பாத்திரத்தை மீறியது.’

5

இனி வருவது நான் பார்க்காதது. எழுதாமலும் இருக்க முடியாதது. குன்னம் போகும் பஸ். ஒரே சீட்டில் இருவர், நடுவில் கோப்பை.

“நான் நடிக்கலடி. நெசமாவே பயந்து அழுதேன்.”

“தெரியும்.”

“நீ என்னயக் காப்பாத்தத்தான எந்திரிச்ச?”

பிரவீணா வெளியே பார்த்தாள். முணுமுணுத்தது அவளுக்காகத்தான். ஆனால் எழுந்து நின்றபோது அறிவரசி என்று ஒருத்தி இருப்பதே மறந்துபோயிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

‘ஆமாம்’ என்று அவள் சொல்வதாக ஒரு முடிவு எழுதினேன், சிநேகிதம் பிழைத்தது. ‘இல்ல’ என்று சொல்வதாக இன்னொன்று. அறிவரசி எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள். இரண்டையும் கிழித்துவிட்டேன். ஒருமுறை தீர்ப்புச் சொல்லிப் பட்டது போதும்.

பதில் வருவதற்குள் பஸ் நின்றுவிட்டது. இருவரும் எழுந்தார்கள். இறங்கும் கூட்டம் தள்ளியது.

“பாப்பா, சீட்டுல கப்பு கெடக்குது பாரு,” என்று கண்டக்டர் கத்தினார். “யாரோடது?”